சாவா மூவா முதலீடு

(திருவண்ணாமலையில் தனித்தமிழ் அன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையார் கோயிற் சுவர்களைக் காணாதார் இவ்வூரில் இலர். முழுநிலா நாளில் மலைவலம் வருவோர் பன்னூறாயிரவர். ஆயினும் அச்சுவர்களில் வெட்டப்பெற்றுள்ள எழுத்துகளை நின்று படிப்பார் ஆயிரத்தில் ஒருவர் தேறுவதே அரிது. அக் கல்வெட்டுகளிலும், தமிழகத்தின் பிற கோயில்களிலுள்ள சோழர் காலக் கல்வெட்டுகளிலும், விளக்குக் கொடை பற்றியன பல. ஒரு நந்தா விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் 90 ஆடுகள் அல்லது 96 ஆடுகள் கொடையாக வழங்கப்பெறும். ஆடுகளை இடையர் ஏற்றுக்கொள்வர். ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் அளவு குன்றாமல் நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பது.

ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும், மூக்கும். ஆனால் கணக்கில் சாகாது. ஈன்ற குட்டிகளைக் கொண்டு இறந்த ஆட்டின் இடத்தை நிரப்பி, எண்ணிக்கை குறையாமற் காப்பது இடையன் கடமை. கோடை வந்து மேய்ச்சல் கருகினாலும், நோய் வந்து மந்தை பாதியாகக் குறைந்தாலும் அவ்விழப்பு இடையனுடையதே, கொடுத்தவனுடையதன்று. நெய் குறையாது, விளக்கு அணையாது. இடர்ப்பாடு முழுவதும் ஒருவன் தலையிலும் உறுதிப்பாடு முழுவதும் மற்றொருவன் கையிலும் இருக்குமாறு அமைந்த ஏற்பாடு அது. எனினும் அவ் வாவணம் தமிழில் எழுதப்பட்டது. ஊர்நடுவே கல்லில் வெட்டப்பட்டது. கொடுத்தவர் யார், பொறுப்பேற்றவர் யார், அளவு என்ன என்பது ஊரார் அனைவர்க்கும் தெரிந்திருந்தது.

இற்றைக் காலத்தும் சாவா மூவா ஆடுகள் உள. அவற்றுக்கு அயல்முதலீடு என்று பெயர். அவற்றின் கல்வெட்டுக்கு இருநாட்டு முதலீட்டுக் காப்பு உடன்படிக்கை என்று பெயர். அது தமிழில் இல்லை, ஊர்நடுவிலும் இல்லை. யாருடைய நிலத்தில் ஆலை எழுகின்றதோ அவர் அதனைக் கண்டதுமில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் ஒரு நாட்டிற்குள் எவ்வடிவில் நுழைகின்றன, எவ்வளவு பங்கைத் தமதாக்கிக்கொள்கின்றன, எந்நாட்டு முகவரியைப் பூண்டு வருகின்றன என்பனவற்றையெல்லாம் அவ்வுடன்படிக்கைகள் எங்ஙனம் உருவாக்குகின்றன என்பதே இங்குக் கூறப்பெறும் செய்தி.

அயல்நாட்டில் தொழில் தொடங்கும் நிறுவனத்தின்முன் ஒரு வினா நிற்கும். முழுவதும் தானே உடைமையாக வைத்துக்கொள்வதா, அவ்வூரான் ஒருவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதா என்பது அது. அமைதியும் ஒழுங்கும் உள்ள நாட்டில் இவ்வினாவுக்கு விடை எளிது. ஆட்சி இன்றிருப்பது நாளையில்லை, சட்டம் இன்றொன்று நாளையொன்று என்னும் நாட்டிலோ கூட்டாளி ஒரு கேடயம். ஆலையைப் பறிக்க வரும் அரசு தன்நாட்டான் பங்கையும் சேர்த்தே பறிக்க வேண்டியிருக்கும். ஆகலின் சற்றுத் தயங்கும். அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டுதற்கும் அக்கூட்டாளி உதவுவான். அதற்குக் கூலியாக ஊதியத்திற் பாதியையோ அதற்கு மேலோ அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். தொழில்நுட்பக் கமுக்கத்தையும் அவன் கண்முன் விரித்துக்காட்டல் வேண்டும். எந்த நிறுவனமும் இதனை விரும்பிச் செய்வதில்லை; அச்சத்தாற் செய்கின்றது.

முதலீட்டு உடன்படிக்கை அவ்வச்சத்தை வேறு வழியால் நீக்குகின்றது. உடைமையைப் பறித்தால் இழப்பீடு. ஒருதலையாக நடத்தினால் இழப்பீடு. காவல் தரத் தவறினால் இழப்பீடு. இவற்றைக் கேட்க அந்நாட்டு முறைமன்றத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. நேரே பன்னாட்டு நடுவர் மன்றத்தில் அரசையே எதிர்வழக்காளியாக நிறுத்தலாம். இவ்வகை உடன்படிக்கைகளுள் முதலாவது 1959இல் மேற்குச் செருமனிக்கும் பாக்கித்தானுக்கும் இடையே எழுந்தது. 1965இல் வாசிங்டனில் உருவான உடன்பாட்டின்வழி உலக வங்கியின் சார்பில் முதலீட்டு வழக்குகளுக்கென்றே ஒரு நடுவர் நடுவம் அமைந்தது. கேடயம் ஏட்டிலேயே கிடைத்துவிட்டபின் கூட்டாளி எதற்கு? முழுவுடைமையை நாடும் துணிவு அதனாற் பிறக்கின்றது. கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டாலும், சிறுபங்கு உடையவனாயிருந்தே பெருங்காப்பைப் பெறலாம் என்னும் மற்றொரு வாய்ப்பும் பிறக்கின்றது.

இவ்விரண்டாம் வாய்ப்பை உலகுக்கு முதன்முதற் காட்டிய வழக்கு தமிழ் மண்ணில் விளைந்தது. அதன் பெயர் கேட்டால் நெஞ்சு நடுங்கும். கொக்கட்டிச்சோலை!

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை எழுவான்கரைத் தமிழர் படுவான்கரை என்பர். அங்கே கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை இருந்தது. செரண்டிப் கடலுணவு நிறுவனம் என்பது அதனை நடத்திய இலங்கை நிறுவனத்தின் பெயர். அதில் 48.2 விழுக்காட்டுப் பங்கு ஆங்காங்கில் பதிவுசெய்யப்பெற்ற ஆசிய வேளாண் விளைபொருள் நிறுவனத்தினுடையது. அப்பங்கேற்புக்கு இலங்கை அரசு 1985இல் இசைவளித்தது. 1983 ஆடித் திங்கட் படுகொலைக்கு இரண்டே ஆண்டுகள் பின்னர், போர்க்களமாகிக் கொண்டிருந்த கிழக்கு மாகாணத்தில், ஓர் அயல்நிறுவனம் முதலிட்டது என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு. உள்நாட்டு நிறுவன வடிவம். அவற்றோடு ஒரு மூன்றாவது பாதுகாப்பும் இருந்தது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980 பிப்பிரவரியில் ஒரு முதலீட்டு உடன்படிக்கை செய்திருந்தன. அந்நாளில் பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த ஆங்காங்குக்கும் அதன் பயன் நீட்டிக்கப்பட்டிருந்தது.

1987 சனவரி 28ஆம் நாள் சிங்கள அரசின் சிறப்பு அதிரடிப் படை அப்பகுதியிற் புகுந்தது. பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்று அந்நிறுவனமே தன் வழக்குரையிற் கூறியது. ஊர்மக்கள் எண்ணிச் சொல்லும் தொகை அதனினும் மிகப் பெரிது. கூலிக்கு வலையிழுத்தவரும் குளம் வெட்டியவரும் சேற்றிற் கிடந்தனர்.

அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே ஆங்காங்கு நிறுவனம் வாசிங்டன் நடுவத்தில் வழக்குத் தொடுத்தது. இலங்கை அரசு அந்நிறுவனத்தோடு தனியே எந்த நடுவர் உடன்பாடும் செய்துகொண்டதில்லை. ஆயினும் உடன்படிக்கையில் அரசு இட்ட கையெழுத்தே எந்த முதலீட்டாளர்க்கும் தந்த இசைவாகும் என்று கொள்ளப்பட்டது. அங்ஙனம் இருநாட்டு உடன்படிக்கை ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு அந்நடுவம் ஏற்றுத் தீர்ப்புரைத்த முதல் வழக்கு இதுவே. இன்று உலகெங்கும் அரசுகளை உலுக்கும் நூற்றுக்கணக்கான வழக்குகளுக்குத் தாய்வழக்கு படுவான்கரையின் சேற்றிலிருந்து எழுந்தது என்பதைச் சட்டம் பயில்வோர் அறிவர்; தமிழர் அறியார்.

வழக்கில் நிறுவனம் வைத்த வாதம் கடுமையானது. முழுக் காப்பும் உறுதியும் தருவதாக உடன்படிக்கை சொல்கின்றது; ஆகவே யார் அழித்தாராயினும் அரசே பொறுப்பு என்றது. பண்ணை போராளிகளின் தளமாக இருந்தது, சண்டையில் அழிந்தது என்றது அரசு. மூவர் அமர்ந்த மன்றம் இரண்டையும் முழுதாக ஏற்கவில்லை. படையினரே அழித்தனர் என்பதற்கு மெய்ப்பித்த சான்று போதவில்லை என்றது. முழுக் காப்பு என்னுஞ் சொல் எல்லையற்ற பொறுப்பைக் குறிக்காது என்றும் கூறியது. ஆனால் ஓர் உண்மை அரசுக்கு எதிராக நின்றது. தாக்குதலுக்குப் பத்து நாள் முன்பே பண்ணை மேலாண்மையினர் அதிகாரிகளைக் கண்டு, ஐயத்திற்குரிய பணியாளர் எவரேனும் உளரெனிற் சொல்லுங்கள், நீக்கிவிடுகின்றோம் என்று முன்வந்திருந்தனர். அவ்வமைதி வழியைக் கைக்கொள்ளாமற் படையை ஏவியமையால் அரசு செலுத்தவேண்டிய கருத்துடைமையைச் செலுத்தவில்லை என்று 1990 சூன் 27இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நடுவருள் ஒருவர் மாறுபட்டார்.

நிறுவனம் கேட்டது 80 இலக்கம் தாலருக்கு மேல். கிடைத்தது 4,60,000 தாலரும் 1987 சூலை முதல் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டு வட்டியும். பண்ணை தொடக்க நிலையில் இருந்தமையால் எதிர்கால ஊதியத்திற்கு மதிப்பில்லை என்று தள்ளிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் உடைமையின் மதிப்பில் அந்நிறுவனத்தின் பங்களவே கணக்கிடப்பட்டது. எஞ்சிய பங்குடைய உள்நாட்டார்க்கு அம்மன்றத்தின் படியேற உரிமையில்லை. அவர்கள் தம் அரசின் முறைமன்றத்தையே நாடவேண்டும். கொல்லப்பட்ட தொழிலாளரின் குடும்பத்தார்க்கோ? உடன்படிக்கையில் அவர்கள் இடம்பெறவே இல்லை. முதலுக்குக் காப்புண்டு, முதலைப் பெருக்கிய கைகளுக்கு இல்லை. அவர்களின் சாவு, பண்ணைக்கு நேர்ந்த அழிவின் அளவைக் காட்டும் ஒரு செய்தியாக மட்டுமே வழக்கேட்டில் நிற்கின்றது.

இதிலிருந்து உலகப் பெருநிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் கூர்மையானது. பாதிக்குக் குறைந்த பங்கும் காக்கப்படும். காப்பது பங்கின் அளவன்று, பங்குடையவனின் முகவரி. ஆகவே எவ்வளவு பங்கு என்பதைப் போலவே எந்த ஊரிற் பதிந்த நிறுவனத்தின் பெயரில் அப்பங்கை வைப்பது என்பதும் முதலிடுமுன் முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் அயற்செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பான்மைத் தொழில்களில் அயலார் பங்கை 40 விழுக்காட்டிற்குள் அடக்கச் சொன்னது. கொக்கோ கோலா நிறுவனம் 1977இலும் ஐ.பி.எம். நிறுவனம் 1978இலும் நாட்டைவிட்டு வெளியேறின. பங்கைக் குறைத்துக்கொள்ள அவற்றுக்கு மனமில்லை. உடைமையளவை முடிவுசெய்தது அந்நாளில் நாட்டுச் சட்டம். 1991இல் கதவு திறந்தது. பின்னர் 1994 மார்ச்சில் பிரித்தானியாவோடு தொடங்கி எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளோடு தில்லியரசு முதலீட்டு உடன்படிக்கைகளிற் கையெழுத்திட்டது. அவ்வாண்டுகளில் இவற்றைப் பற்றித் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தையோ பிற மாநிலச் சட்டமன்றங்களையோ கலந்துகொள்ளவேண்டும் என்று எவரும் கருதவில்லை. அரசியல் சட்டம் அயல்நாட்டு உடன்படிக்கை செய்யும் ஆற்றலை நடுவணரசிடமே விட்டிருக்கின்றது. ஆனால் நிலம் மாநிலத்தினுடையது, தண்ணீர் மாநிலத்தினுடையது, ஊக்கத்தொகையும் மின்சலுகையும் மாநிலக் கருவூலத்தினுடையவை. இவ்விடத்தில்தான் முடிச்சு விழுகின்றது.

தமிழகத்திற்கு வந்த இரண்டு உந்து நிறுவனங்களை ஒப்புநோக்கலாம். அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 1995இல் மகிந்திராவைச் சரிபாதிக் கூட்டாளியாகக் கொண்டு வந்தது. தனித்தமிழ்த் தந்தையின் பெயர் தாங்கிய மறைமலைநகரில் ஆலை எழுப்பிற்று. கொரியாவின் ஊண்டாய் நிறுவனமோ 1996இல் கூட்டாளியே இன்றி முழுவுடைமையாக இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. கொரியாவும் இந்தியாவும் முதலீட்டு உடன்படிக்கை செய்துகொண்டது அதே 1996ஆம் ஆண்டில். அமெரிக்காவோடு இந்தியாவுக்கு அத்தகைய உடன்படிக்கை அன்றுமில்லை, இன்றுமில்லை. இதனால் உடன்படிக்கை ஒன்றே வேறுபாட்டுக்குக் கரணியம் என்று அறுதியிடுதல் கூடாது. போர்டும் 1998இல் தன் பங்கைப் பெரிதாக்கிக்கொண்டது, உடன்படிக்கை இல்லாமலே. நிறுவனத்தின் பழக்கம், சந்தை, தொழில்நுட்பம் முதலிய பலவும் சேர்ந்தே உடைமை முடிவை ஆக்குகின்றன. உணர்ச்சி மிகுதியால் ஒன்றையே கரணியமாக்கிப் பேசுவது தமிழார்வலரிடத்தும் காணப்படும் குறை. ஆட்சி உறுதியாகவுள்ள இடத்தில் உடன்படிக்கையின் இழுப்பு சிறிது. ஆட்சி ஆட்டங்காணும் இடத்தில் அது பெரிது.

முகவரி மாற்றத்திற்குப் பெருஞ்சான்று வோடபோன். 2007இல் இந்தியத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் 67 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 1,100 கோடி தாலருக்கு அது வாங்கியது. விற்கப்பட்ட பங்கு கேமன் தீவில் பதிந்த நிறுவனத்தினுடையது. வாங்கியது நெதர்லாந்தில் பதிந்த நிறுவனம். இரண்டின் பின்னாலும் இருந்த முதலாளிகள் வேறு நாட்டினர். கோபுரங்களும் கம்பிகளும் வாடிக்கையாளரும் இந்தியாவில்! வரி கேட்டது இந்திய அரசு. 2012 சனவரியில் உச்ச முறைமன்றம் வரியில்லை என்றது. அவ்வாண்டே பாராளுமன்றம் பின்னோக்கிச் செல்லும் சட்டத் திருத்தம் செய்தது. நெதர்லாந்து முகவரி அப்பொழுதுதான் வேலைசெய்தது. இந்திய நெதர்லாந்து உடன்படிக்கையின்கீழ் நடுவர் மன்றம் 2020 செப்டம்பரில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் தில்லியரசு அச்சட்டத்தையே திரும்பப் பெற்றது. மராட்டியத்துத் தாபோல் மின்நிலையத்திலும் இதுவே நடந்தது: அமெரிக்க நிறுவனங்கள் தம் பங்கை மொரீசியசுத் துணைநிறுவனங்களின் பெயரில் வைத்திருந்தமையால், அமெரிக்காவோடு இல்லாத உடன்படிக்கையின் பயனை மொரீசியசு வழியாகப் பெற்றுக்கொண்டன.

நடுவர் மன்றங்கள் இத்தகைய வேடத்தை எப்பொழுதும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆசுத்திரேலியா புகையிலைப் பொதிகளின் மேலுறையை வெறுமையாக்கச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தபின், பிலிப் மோரிசு நிறுவனம் 2011இல் தன் ஆசுத்திரேலியக் கிளையை ஆங்காங்குக் கிளைக்கு உடைமையாக்கிவிட்டு, ஆங்காங்கு உடன்படிக்கையின்கீழ் வழக்காடிற்று. வழக்குக்காகவே உடைமையை மாற்றியது முறைகேடு என்று மன்றம் 2015இல் தள்ளிவிட்டது. பூசல் எழுந்தபின் மாற்றினால் முறைகேடு. எழுமுன் மாற்றினால் முன்மதி. இவ்வளவே வேறுபாடு. எனவே நன்கு வழிகாட்டப்பெற்ற நிறுவனங்கள் முதல் நாளே முகவரியைத் தேர்ந்துகொள்கின்றன.

தமிழ்நாட்டு அரசே நேரடியாகத் தொடர்புற்ற வழக்கு நிசான் வழக்கு. ஒரகடத்தில் உந்து ஆலை அமைக்க முதலில் மகிந்திராவும் இரெனோவும் நிசானும் சேர்ந்தே முன்வந்தன. மகிந்திரா 2008 தொடக்கத்தில் விலகிற்று. உள்நாட்டுக் கூட்டாளியின்றி நிசான் 70, இரெனோ 30 என்ற அளவில் உடைமை அமைந்தது. 2008இல் தமிழ்நாட்டு அரசோடு உடன்பாடு ஆயிற்று. 2010இல் ஆலை இயங்கத் தொடங்கியது. வரிசார்ந்த ஊக்கத்தொகைகள் உரியவாறு தரப்படவில்லை என்பது நிசானின் முறையீடு. தொகையில் கருத்து வேறுபாடு உண்டென்பது அரசின் மறுமொழி. இத்தகைய பூசல் எந்த ஆலைக்கும் எந்த அரசுக்கும் இடையே எழக்கூடியதே. உள்நாட்டு நிறுவனமாயின் சென்னை உயர்முறைமன்றத்தின் வரிசையில் நின்றிருக்கும்.

நிசானுக்கு வேறு வழி இருந்தது. சப்பானும் இந்தியாவும் செய்துகொண்ட முழுதளாவிய பொருளியல் உடன்படிக்கை 2011 ஆகத்தில் நடப்புக்கு வந்திருந்தது. தமிழ்நாட்டோடு கைச்சாத்திட்டது 2008இல். உடன்படிக்கை வந்தது 2011இல். ஆட்டை ஓட்டிவந்து பட்டியில் அடைத்தபின் கல்வெட்டு வெட்டினாற்போலாயிற்று! ஊக்கத்தொகையும் இழப்பீடுமாக 5,000 கோடி உருபாவுக்கு மேற்பட்ட தொகையை நிசான் கேட்டதாக 2017இல் செய்தி வெளிவந்தது. எதிர்வழக்காளி தமிழ்நாடு அன்று, இந்திய ஒன்றியம். வாக்குக் கொடுத்தது கோட்டை. வழக்கில் நின்றது தில்லி. கடைசியில் பணம் கொடுக்க வேண்டுமெனில் அது எங்கிருந்து வரும் என்பது இருவர்க்கும் இடையே பேசித் தீரவேண்டியது. தமிழ்நாடு சென்னை உயர்முறைமன்றத்தில் அந்நடுவர் வழக்கைத் தடுக்கவேண்டி முறையிட்டது. வழக்கை ஆராயும் உரிமை தனக்குண்டு என்று நடுவர் மன்றம் 2019 ஏப்பிரலில் முடிவுசெய்தது. 2020இல் பூசல் பேசித் தீர்க்கப்பட்டது. 2025இல் நிசான் தன் எஞ்சிய பங்கு முழுவதையும் இரெனோவுக்குத் தர உடன்பட்டது. ஆலை அங்கேயே நிற்கின்றது. உடைமை மட்டும் சப்பானிலிருந்து பிரான்சுக்குச் சென்றது.

இதில் சப்பானியனைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. கொடுத்த வாக்கை அரசு காத்தல் வேண்டும் என்று அவன் கேட்டது பிழையாகாது. அரசொன்று தான் ஒப்பமிட்ட தொகையைத் தவணை தள்ளிக் கொண்டேபோவது தமிழ்நாட்டுச் சிறுதொழிலார்க்குப் புதிதுமன்று. வினா வேறு. அதே அரசிடம் நிலுவை பெறவேண்டிய ஒரு தமிழ்த் தொழில்முனைவோனுக்கு அவ்வழி ஏன் இல்லை?

இத்திருவண்ணாமலை மாவட்டத்தையே பாருங்கள். செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் தைவானைச் சேர்ந்த பெங்தாய்க் குழுமத்தின் காலணி ஆலை இயங்குகின்றது. சுற்றுச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் அங்கே வேலைசெய்கின்றனர். தைவானோடும் முதலீட்டு உடன்பாடு உண்டு. புதிய வடிவம் 2018 திசம்பரிற் கையெழுத்தாயிற்று. அப்பேட்டையின் விரிவாக்கத்திற்கென மேல்மா முதலிய ஊர்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்க முற்பட்டபோது, 2023இல் உழவர்கள் நூறு நாள்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். அவருள் எழுவர்மேல் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தபின் அறுவர்மீதிருந்த அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. நிலம் எடுப்பதற்குத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றது. அதன்கீழ் உழவன் தன் மறுப்பை மாவட்ட அதிகாரியிடம் எழுதித் தரலாம். அதே நிலம் நாளை அயல்நிறுவனத்தின் கைக்குச் சென்று, பின்னர் அரசு அதனைத் திரும்பக் கேட்குமாயின், அந்நிறுவனம் எழுதித் தருமிடம் வேறாக இருக்கக்கூடும். ஒரே மண், இரண்டு உரிமையாளர், இருவேறு முறைமன்றம்.

கவுத்திமலையும் வேடியப்பன்மலையும் நினைவுக்கு வருகின்றன. இரும்புக் கனிமத்திற்காக அம்மலைகளை வெட்டச் சிண்டால் நிறுவனத்தின் துணையோடு திட்டமிடப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், 2008இல் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் திரண்டு எதிர்ப்பைச் சொன்னார்கள், மலை வெட்டப்படவில்லை. சிண்டால் உள்நாட்டு நிறுவனம். அதனிடத்தில் அந்நாளைய மொரீசியசு உடன்படிக்கையின் பயனைப் பெறும் பங்காளி ஒருவன் பத்து விழுக்காட்டோடு இருந்திருப்பின் என்னாகியிருக்கும்? நடு அமெரிக்காவின் எல்சால்வதோர் நாடு சொல்லும். அங்கே மக்கள் எதிர்ப்பால் பொன்சுரங்கத்திற்கு இசைவு தராதபோது, சுரங்க நிறுவனம் கேமன் தீவிலிருந்த தன் துணைநிறுவனத்தின் முகவரியை 2007இல் அமெரிக்காவின் நெவாடாவுக்கு மாற்றிக்கொண்டு வழக்குத் தொடுத்தது. உடன்படிக்கை வழிக் கோரிக்கை 2012இல் தள்ளப்பட்டது. அந்நாட்டு முதலீட்டுச் சட்டத்தின்கீழ் வழக்கு தொடர்ந்து 2016இல் நாடே வென்றது. அதற்குள் ஏழு ஆண்டுகள் அவ்வேழைநாடு வழக்கறிஞர்க்குக் கொட்டிக்கொடுத்தது. வென்றும் களைத்தது.

தில்லிக்கும் சூடு பட்டே அறிவு வந்தது. ஆசுத்திரேலிய நிலக்கரி நிறுவனம் ஒன்று, தன் வழக்கு இந்திய முறைமன்றங்களிற் பல்லாண்டு தூங்கியதற்காகவே 2011இல் இழப்பீடு பெற்றது. அதன்பின் வழக்குகள் அடுக்கடுக்காக வந்தன. 2015 திசம்பரில் புதிய முன்வரைவு உடன்படிக்கை வகுக்கப்பட்டது. வரிச்சட்டங்கள் அதற்குப் புறம்பு. உள்நாட்டு முறைமன்றத்தில் ஐந்தாண்டு முயன்றபின்னரே நடுவர் மன்றம். பெயரளவு முகவரி போதாது, மெய்யாகவே தொழில் நடத்தல் வேண்டும். பழைய உடன்படிக்கைகளுள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை முடித்துக்கொள்வதாக 2016 முதல் அறிவிப்புகள் சென்றன. ஆனால் பழைய முதலீடுகளுக்கு அவை இறந்தும் இறவாதன. அவற்றின் கடைசிக் கூறு, முடிந்தபின்னும் 10 அல்லது 15 ஆண்டுகள் காப்பு நீடிக்கும் என்கின்றது. கணக்கில் சாகாத ஆடு!

அம்முன்வரைவும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2024 பிப்பிரவரியிற் கையெழுத்தாகி அவ்வாண்டு ஆகத்து இறுதியில் நடப்புக்கு வந்த உடன்படிக்கையில் ஐந்தாண்டு மூன்றாண்டாகக் குறைந்தது. ஆலை கட்டாமற் பங்கு மட்டும் வாங்கி வைத்திருப்பவனும் அதன் காப்புக்குள் வந்துவிட்டான். வேறு நாடுகளோடும் பேச்சு நடந்துகொண்டிருக்கின்றது. அவற்றின் வரைவுகள் மாநிலச் சட்டமன்றங்களின் முன் வைக்கப்பெறுதல் வேண்டும். தமிழில் பெயர்க்கப்பெற்று, ஆலை வரவிருக்கும் ஊர்மன்றங்களிற் படிக்கப்பெறுதல் வேண்டும். நிலம் கொடுப்பவன் கையெழுத்திடுமுன், வருபவன் எந்நாட்டு முகவரியில் எத்துணைப் பங்கோடு வருகின்றான் என்பதும் அவ்வூரார்க்குச் சொல்லப்பெறுதல் வேண்டும். அருணையின் இடையர்கள் ஆட்டை எண்ணிப் பார்த்து, நெய்யின் அளவைக் கேட்டறிந்து, அதன்பின்னரே பொறுப்பேற்றனர்.